கடல்நீர் மீன்தொட்டியின் குழாய்க்குள் காறை பிடித்தால் என்ன செய்வது?

குழாயில் கை வைக்காதீர்கள், முதலில் பம்பைக் கழற்றிப் பாருங்கள். தொட்டி வைத்து இரண்டு வருடம் ஆகிறது, சம்ப்பிலிருந்து, அதாவது தொட்டிக்குக் கீழே பம்ப் இருக்கும் சின்னத் தொட்டியிலிருந்து, மேலே ஏறும் தண்ணீர் பாதியாகக் குறைந்துவிட்டது, குழாயை எல்லாம் அறுத்துப் புதிதாகப் போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் கோளாறு பம்பின் வயிற்றுக்குள்தான் இருக்கும். குழாயை அறுப்பது கடைசி வேலை.

நான் தூத்துக்குடிக்காரன். வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது, சாட்ஸ்வொர்த்தில் வீடு. 400 லிட்டர் தொட்டி ஒன்று, பவளம் கொஞ்சம், கோமாளி மீன் ஒரு ஜோடி. 2023-ல் இங்கே மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. லோட்ஷெடிங் என்று பெயர். அட்டவணை போட்டு இரண்டு இரண்டு மணி நேரமாக நிறுத்துவார்கள், மோசமான வாரங்களில் ஒரே நாளில் மூன்று தடவைகூடப் போகும். அப்படி ஒரு ஜூலை இரவு பத்து மணிக்குக் கரண்ட் வந்தது, விளக்கு எரிந்தது, நானும் நிம்மதியாகப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் மீன் இரண்டும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பம்ப் 'உம்' என்று முனகுகிறது, தொட்டால் சுடுகிறது, ஆனால் சுற்றவில்லை.

கழற்றினேன். இம்பெல்லரின், அதாவது தண்ணீரைத் தள்ளும் சுழல்விசிறியின், காந்த உருளை மேல் வெள்ளையாக, முட்டையோடு கனத்துக்கு ஒரு பூச்சு. அது உட்காரும் குழியிலும் அதே பூச்சு. இந்த நிலையில் பல மாதமாக உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. சுற்றிக்கொண்டிருக்கும் வரை ஓடிவிடும். ஒருமுறை நின்றால் மறுபடி கிளம்ப அதற்குத் தெம்பு இருக்காது. கரண்ட் போகாமலே இருந்திருந்தால் எனக்கு இன்னும் கொஞ்ச காலம் தெரிந்திருக்காது.

பக்கத்து வீட்டு அங்கிள் ஓய்வுபெற்ற பிளம்பர். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளை வழி. தமிழ் என்றால் கோயில் பாட்டும் 'தம்பி', 'தண்ணி' போன்ற சில சொற்களும்தான், மீதி எல்லாம் இங்கிலீஷ். இம்பெல்லரைக் கையில் வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கீசர் எலிமென்ட் கதைதானே" என்றார். கீசரில் தண்ணீரைச் சூடாக்கும் கம்பி மேல் படிகிற அதே காறை என்று அர்த்தம். ஆயிரம் கீசர் கழற்றியவர் சொன்ன அந்த ஒரு வரியில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. சர்க்கரை சூட்டில் கரையும். இந்தக் காறை, அதாவது கால்சியம் கார்பனேட், அதற்கு நேர்மாறு, சூடு ஏற ஏறக் கரைசலை விட்டு வெளியே வந்து ஒட்டிக்கொள்ளும். தொட்டியில் சூடான இடம் எது? ஹீட்டரும் பம்பும்தான். அதனால்தான் குழாய் சுத்தமாக இருக்கும்போதே பம்ப் கல்லாகிவிடுகிறது.

சூடு மட்டும் காரணம் இல்லை, என் கையும் காரணம். காரத்தன்மை குறைகிறது என்று சோடா கரைசலை சம்ப்பில் பம்ப் இருக்கும் அறையிலேயே மொத்தமாக ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றிய நொடியில் பனி பெய்தது போல் வெளுக்கும், அப்புறம் தெளிந்துவிடும். கரைந்துவிட்டது என்று நினைத்தேன். அதில் ஒரு பகுதி நேராகப் பம்புக்குள் போய்ப் படிந்திருக்கிறது. இப்போது பம்புக்கு எட்டாத, நீரோட்டம் வேகமாக இருக்கும் இடத்தில் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். கால்சியம் கரைசலையும் சோடாவையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் விடுவதில்லை. கால்க்வாசர் என்கிற சுண்ணாம்புத் தெளிநீர் விடுபவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்புதான் அது. பிஎச்சை எகிற வைக்கும், எகிறினால் படியும்.

எண்ணாகச் சொன்னால் நான் வைத்திருப்பது காரத்தன்மை 8-லிருந்து 9 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு), கால்சியம் 420 பிபிஎம், மெக்னீசியம் 1300 பிபிஎம் பக்கம். மூன்றில் மெக்னீசியத்தை யாரும் கவனிப்பதில்லை. சுண்ணாம்புப் படிகம் வளரவிடாமல் குறுக்கே நிற்பது அதுதான். அது குறைந்தால் மற்ற இரண்டும் சரியாக இருந்தும் காறை பிடிக்கும்.

சரி, கழுவுவதற்கு வருவோம். வெள்ளை வினிகர் பாதி, தண்ணீர் பாதி, ஒரு வாளியில் கலந்து பம்பை அதற்குள்ளேயே ஓடவிடுங்கள். நுரை நுரையாகக் குமிழி வந்தால் கரைகிறது என்று அர்த்தம். ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். அடங்கிய பிறகும் வெள்ளை இருந்தால் வினிகர் தீர்ந்துவிட்டது, மாற்றுங்கள். நான் இப்போது விக்டோரியா தெருச் சந்தையில் மசாலாக் கடையில் நிறுத்து விற்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், வாங்கி லிட்டருக்கு 50 கிராம் போடுகிறேன். வீடு ஊறுகாய் ஜாடி மாதிரி நாறுவதில்லை என்று வீட்டில் ஒரு சமாதானம். அப்புறம் இம்பெல்லரைக் கழற்றிப் பழைய பல் பிரஷால் தேய்த்து, ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்தில் சிலிக்கான் கிரீஸ் தடவி மூடுங்கள். பீங்கான் தண்டு வைத்த பம்ப் என்றால் மெதுவாக இழுங்கள், லேசாக வளைத்தாலே முறியும். நீச்சல்குளத்துக்கு விற்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். வீட்டுக்குள் அந்தப் புகை தேவையில்லை.

குழாய்க்குள்ளும் காறை இருந்தால், பம்பின் இரு பக்கமும் யூனியன், அதாவது திருகிக் கழற்றும் இணைப்பு, வைத்திருந்தால் வேலை சுலபம். மேல் முனையைத் தொட்டிக்குள் விடாமல் வாளிக்கே திருப்பி, அதே கரைசலைச் சுற்றிச் சுற்றி ஓடவிடலாம். அப்படி வைக்காதவர்கள் அடுத்த முறை கழற்றும்போதாவது வையுங்கள். கூடவே 90 டிகிரி எல்போவுக்குப் பதில் 45 இரண்டு போடுங்கள். ஒளி ஊடுருவும் டியூபை எடுத்துவிட்டுச் சாம்பல் நிற பிவிசி போடுங்கள், உள்ளே பாசி வளராது. பித்தளை வால்வு மட்டும் வேண்டாம், அதிலிருக்கும் செம்பு பவளத்துக்கும் இறாலுக்கும் விஷம்.

இறங்கும் குழாயில் இருப்பது வேறு சங்கதி. அங்கே கடற்பஞ்சும், சுருள் சுருளாக வெள்ளைக் குழல் கட்டிக்கொண்ட புழுக்களும் குடியிருக்கும். அவை தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடுபவை. நீர்வரத்து குறையாத வரை நான் அவற்றைத் தொடுவதில்லை, பளபளவென்று வைத்திருப்பதில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. குறைந்தால் தூண்டில் நரம்பில் பழைய துணி முடிச்சைக் கட்டி மேலிருந்து கீழே இழுப்பேன், கொத்தாக வந்து விழும். ஜிக் போன்ற பிளீச் ஊற்றுவதாக இருந்தால் வினிகர் பக்கத்தில்கூட இருக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு.

குறைகிறதா என்று எப்படித் தெரியும்? வாளியும் கைபேசிக் கடிகாரமும் போதும். கழுவிய அன்று என் தொட்டியில் 10 லிட்டர் வாளி 14 வினாடியில் நிறைந்தது, அதாவது மணிக்கு 2570 லிட்டர் சுமார். 20 வினாடி ஆனால் 1800-க்கு இறங்கிவிட்டது, பம்பைக் கழற்றுவேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எப்படியும் கழற்றுகிறேன்.

இன்னொன்று. தண்ணீர் திரும்பி வரும் வாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சைஃபனை, அதாவது தண்ணீர் தானாகக் கீழே இழுபடுவதை, உடைக்க ஒரு சின்னத் துளை போட்டிருப்பார்கள். பம்ப் நின்றதும் நீர்மட்டம் லேசாக இறங்கும், துளை வழியாகக் காற்று போய்த் தண்ணீர் கீழே இழுபடாமல் நிறுத்தும். அந்தத் துளையைப் பாசியோ ஒரு குழல்புழுவோ அடைத்தால் போதும், அடுத்த மின்வெட்டில் சம்ப் வழிந்து வரவேற்பறை முழுக்கக் கடல். மாதம் ஒருநாள் நானே ஸ்விட்சை அணைத்துப் பத்து நிமிடம் காத்திருப்பேன். சம்ப் கண்ணாடியில் மார்க்கர் கோடு போட்டு வைத்திருக்கிறேன். தண்ணீர் கோட்டைத் தாண்டக் கூடாது, திரும்பப் போட்டதும் பம்ப் முனகாமல் கிளம்ப வேண்டும். தாண்டினால் ஒரு பல்குத்தும் குச்சியால் துளையைக் குத்திவிடுவேன்.