அந்தக் கையால எதையும் தூக்கக் கூடாதா அக்கா?

கேள்வி: அக்கா, நான் தண்டையார்பேட்டைல இருந்து எழுதுறேன். அம்மாவுக்கு 54 வயசு, போன வருஷம் மார்பகப் புற்றுநோய்க்கு இடது பக்கம் ஆபரேஷன் பண்ணி அக்குள்ல இருந்த நெறிக்கட்டியும் (நிணநீர் முடிச்சு) எடுத்தாங்க. கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சுது, இப்ப ஹார்மோன குறைக்குற லெட்ரோசோல் மாத்திரை மட்டும்தான். வெயிட் 9 கிலோ ஏறிடுச்சு, மூட்டு வலி வேற. சொந்தக்காரங்க மீன் ஆகாது, அந்தக் கையால ஒரு சொம்பு கூட தூக்காதன்றாங்க. நியூஜெர்சில இருக்குற என் ஃப்ரெண்டு, அங்க ஸ்பானிஷ் பேசுற லேடீஸுக்கு இதுக்குன்னே சமையல் க்ளாஸ், எக்ஸர்சைஸ் எல்லாம் இருக்குன்னு சொல்றா. அது நமக்கு செட் ஆகுமா?

பதில்: செட் ஆகும்மா, ஆனா அவங்க சாப்பாட்ட இங்க கொண்டு வரணும்னு இல்ல. உன் ஃப்ரெண்டு சொன்ன மாதிரி ஒண்ணு நியூயார்க்ல கொலம்பியா யுனிவர்சிட்டிக்காரங்க பண்ணாங்க, பேரு 'கொசினார் பாரா சு சலூத்', உங்க ஆரோக்கியத்துக்கு சமைங்கன்னு அர்த்தம். சிகிச்சை முடிஞ்ச 70 பேர்ல பாதி பேருக்கு வழக்கம்போல என்ன சாப்டணும்னு எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்க, மீதி பேர 12 வாரத்துல 9 தடவ வரவச்சு, அவங்க ஊர் சமையலயே கொழுப்ப குறைச்சு காய் பழம் கூட்டி எப்படி பண்றதுன்னு கூடவே நின்னு சமைச்சாங்க, கடைக்கும் கூட்டிட்டுப் போனாங்க. 6 மாசம் கழிச்சுப் பாத்தா சமைச்சவங்க தட்டுலதான் காயும் பழமும் கூடியிருந்துச்சு. 2015ல இந்த ரிசல்ட் வந்துச்சு. அப்புறம் நடை, உடற்பயிற்சியும் சேத்து, போன்ல மெசேஜ் அனுப்பி ஞாபகப்படுத்துற மாதிரி இன்னொண்ணும் பண்ணாங்க. இதுல எனக்குப் பிடிச்சதே, அந்தம்மாங்கள பாத்து உங்க சாப்பாடு தப்புன்னு யாரும் சொல்லல.

அதனால அம்மாகிட்ட ஓட்ஸ நீட்டாத. காசிமேடு பக்கத்துலயே இருந்துட்டு மீன் ஆகாதுன்னு சொன்னா எப்படி? நெத்திலி, சங்கரா, மத்தி எல்லாம் தாராளமா சாப்டலாம், எண்ணெய்ல மூழ்கடிச்சு வறுக்காம தவால ரெண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு எடு, இல்ல குழம்பா வை. கருவாட்ட மட்டும் குறைச்சுக்கோ, உப்பு அதிகம். லெட்ரோசோல் எலும்ப மெலிய வைக்கும், அதுக்கு ஆடி மாசம் அம்மன் கோயில்ல ஊத்துறாங்களே அந்தக் கேழ்வரகுக் கூழையே வாரத்துல மூணு நாள் காலைல குடு, 100 கிராம் கேழ்வரகுல 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு. மத்தியானம் தட்டுல பாதி கீரை, காய், சோறு கால்வாசி. சாயங்காலம் பஜ்ஜிக்கு பதிலா சுண்டல். தெம்பு வரட்டும்னு தினம் ஆட்டுக்கால் சூப்பு, ஹார்லிக்ஸ், நெய்னு ஊத்துறாங்க பாரு, அதுலயும் கொஞ்சம் வெயிட் ஏறியிருக்கும், பாசத்துல பண்றாங்க, அவங்கள திட்டாம மெதுவா நிறுத்து.

இப்ப கை. இத நான் கொஞ்சம் அழுத்தியே சொல்லணும், ஏன்னா வண்ணாரப்பேட்டைல எங்க பெரியம்மாவுக்கும் இதே ஆபரேஷன், பிள்ளைங்க ஒரு குடம் கூட தூக்க விடல, ரெண்டு வருஷத்துல தோள் இறுகிப் போய் தலைக்கு சீப்பு எட்டல, தானா ஜாக்கெட் போட முடியல, பாத்துட்டு வந்து அன்னிக்கு ராத்திரி எனக்கு சோறு எறங்கல. நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கை வீங்கும்ன்ற பயம் நியாயம்தான், அதுக்காக கைய கட்டிப் போடக் கூடாது. 2009ல அமெரிக்கால ஏற்கனவே கை வீங்கியிருந்த 141 பெண்கள வச்சுப் பாத்தாங்க, அதுல பாதி பேர் வாரத்துக்கு ரெண்டு தடவ, கைக்கு இறுக்கமான ஸ்லீவ் போட்டு, ட்ரெய்னர் சொல்லிக் குடுத்தபடி சின்ன வெயிட்ல ஆரம்பிச்சு மெதுவா கூட்டினாங்க. ஒரு வருஷத்துல அவங்களுக்கு வெயிட் தூக்காதவங்கள விட வீக்கம் கூடல, திடீர்னு மோசமாகுறதும் கம்மியா இருந்துச்சு.

முதல்ல டாக்டர், பிசியோ ரெண்டு பேர்கிட்டயும் ஓகே வாங்கிக்கோ. அப்புறம் அம்மாவ சுவத்தப் பாத்து நிக்க வச்சு, விரலால எறும்பு ஏறுற மாதிரி மேல மேல ஏறச் சொல்லு, வலி ஆரம்பிக்குற இடத்துல சாக்பீஸால ஒரு கோடு போட்டு தேதி எழுது. அது பழகின பிறகு அரை லிட்டர் தண்ணி பாட்டில், அதுக்கப்புறம் ஒரு லிட்டர். குடத்துக்கு இப்பவே போக வேணாம். அந்தக் கைல ஊசி, பிபி வேணாம்னு ஆஸ்பத்திரில ஞாபகமா சொல்லிடு. மீன் ஆயும்போது க்ளவுஸ் போடட்டும், முள்ளு குத்தி சீழ் வச்சா வீக்கம் கிளம்பிடும். கை சிவந்து சூடா, காய்ச்சலோட இருந்தா அன்னிக்கே டாக்டர பாரு.

மூட்டு வலிக்கும் நடைதான். இந்த மாதிரி மாத்திரை போடுறவங்க நடையும் வெயிட்டும் சேத்து ஒரு வருஷம் பண்ணப்போ வலி குறைஞ்சது ஆராய்ச்சிலயே வந்துருக்கு. வாரத்துக்கு 150 நிமிஷம் இலக்கு, ஆனா முதல் வாரம் 10 நிமிஷம் நடந்தாலே போதும். எண்ணூர் ரோட்டுல கண்டெய்னர் லாரி புழுதில நடக்க வேணாம், மொட்டை மாடி இருக்கே. முடி இன்னும் சரியா வளரல, தெருவுல பாப்பாங்கன்னு அம்மா கூச்சப்பட்டா அதுக்கும் மாடிதான் நல்லது, நீயும் கூட நட.

சனிக்கிழமை அம்மாவ ஆட்டோல வச்சு மார்க்கெட்டுக்கு கூட்டிட்டுப் போ, மீன அவங்களே பேரம் பேசி வாங்கட்டும். ஒரு மாசம் கழிச்சு அந்த சாக்பீஸ் கோடு எவ்ளோ மேல ஏறிச்சுன்னு எனக்கு எழுது.