சந்திப்பு கேள்வியிலிருந்து தொடங்கட்டும்

வாசகர் கேள்வி: நிரலாளர்கள் 40 பேர் சேர்ந்து எங்கள் வட்டாரத்தில் ஒரு குழு நடத்துகிறோம். மாதம் ஒருமுறை கூடுவோம். தொடக்கத்தில் 25 பேர் வந்தார்கள். இப்போது 8 பேரைத் தாண்டுவதில்லை. ஒருவர் ஒன்றரை மணி நேரம் பேசுகிறார், மற்றவர்கள் கேட்டுவிட்டுக் கலைகிறோம். இடைப்பட்ட நாட்களில் குழுவுக்கு அனுப்பப்படும் கேள்விகளுக்கும் பெரும்பாலும் பதில் வருவதில்லை. அண்மையில் ஓர் உறுப்பினர், "தமிழ்ப் பெயர்களைத் தேடினால் கிடைக்கவில்லை, யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டு, இரண்டு நாள் காத்திருந்து, அந்தச் செய்தியையே நீக்கிவிட்டார். இந்தக் குழுவை மீண்டும் எழுப்புவது எப்படி?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகள் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்கின்றன: கேள்விகளுக்குப் பதில் இல்லை, சந்திப்புக்கு ஆள் இல்லை. இரண்டும் ஒரே குறை என்பது என் கருத்து. உறுப்பினர்களின் வேலையில் நாள்தோறும் எழும் சிக்கல்கள் ஒருபுறம் கிடக்க, சந்திப்பில் பேசப்படும் பொருளை வேறு யாரோ முடிவுசெய்கிறார்கள். கேட்டவருக்கு விடை தராத குழுவுக்கு அவர் விடுமுறை நாளின் மாலைப் பொழுதைத் தரமாட்டார். ஆகவே கேள்வியிலிருந்து தொடங்குவோம்.

நீக்கப்பட்ட அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லாததற்கு அக்கறையின்மை காரணமாக இருக்க வேண்டியதில்லை. எந்த நிரல்மொழி, பெயர்கள் எங்கே சேமிக்கப்பட்டுள்ளன, என்ன தேடினார், என்ன கிடைத்தது என்ற எதுவும் அதில் இல்லாததால், உதவ நினைப்பவர் முதலில் நான்கு எதிர்க்கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது. வேலைக்கு நடுவே ஒரு நிமிடம் எட்டிப் பார்ப்பவர் அதைச் செய்யாமல் கடந்துபோவது இயல்பே. "யாருக்காவது தெரியுமா?" என்று கேட்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு: "தெரியும்" என்று சொல்பவர், இன்னும் கேட்கப்படாத ஒரு கேள்விக்குப் பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதே கேள்வி இப்படி வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்: "பட்டியலில் 'கொடி' என்ற பெயர் இருக்கிறது. தேடல் பெட்டியில் அதே சொல்லைத் தட்டச்சு செய்தால் ஒன்றும் கிடைக்கவில்லை. 'மணி' என்று தேடினால் கிடைக்கிறது. இரண்டு 'கொடி'களின் நீளத்தையும் அச்சிட்டுப் பார்த்தேன்; ஒன்றுக்கு 4 என்றும் மற்றொன்றுக்கு 5 என்றும் வருகிறது." எழுத்துகளைக் கணினியில் எண் குறியீடுகளாகக் குறிக்கும் யூனிகோடு முறையில் பழகிய ஒருவர் இதைப் படித்த மாத்திரத்தில் விடை சொல்லிவிடுவார். 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்னும் இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் குறியீடு குறியீடாக ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். சேமிக்கும்போதும் தேடும்போதும் சொல்லை, இப்படி இருவிதமாக எழுதியதை ஒரே விதமாக்கும் யூனிகோட் இயல்பாக்கத்தின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் சிக்கல் தீரும். பரவலாகப் பயன்படும் நிரல்மொழிகளில் இதற்கான வசதி உண்டு. கேள்வியில் விடைக்கு வழிகாட்டியது 'மணி' கிடைக்கிறது என்ற அந்த ஒரு வாக்கியமும் 4, 5 என்ற இரண்டு எண்களுந்தான். எது வேலை செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லும் கேள்வி, தேட வேண்டிய இடத்தைப் பாதிக்கு மேல் சுருக்கிவிடுகிறது.

ஆகவே உறுப்பினர்களிடம் நான் வற்புறுத்துவது, சிக்கலை மீண்டும் உண்டாக்கக்கூடிய மிகச் சிறிய நிரலை உருவாக்கி அனுப்புவதைத்தான். இரண்டாயிரம் வரிகள் கொண்ட நிரலில் தொடர்பில்லாததை ஒவ்வொன்றாக நீக்கி, பிழை இன்னும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தால் இறுதியில் பத்துப் பதினைந்து வரிகள் எஞ்சும். பல வேளைகளில் இந்தக் குறைக்கும் வேலையிலேயே பிழை அகப்பட்டுவிடும். அப்போதும் கண்டதைக் குழுவுக்கு எழுத வேண்டும். பிழைச்செய்தியைத் திரையின் படமாக அல்லாமல் எழுத்தாக ஒட்டினால் பிறர் அதை நகலெடுத்துத் தேட முடியும்.

சிறிய நிரலை அனுப்புவதற்கு இன்னொரு வலுவான காரணமும் இருக்கிறது. அலுவலக நிரலை அப்படியே ஒட்டுபவர் தம் பணி ஒப்பந்தத்தை மீறக்கூடும். அதில் கடவுச்சொல்லோ, ஒரு சேவையை நிரல்வழியே அணுகுவதற்கான இரகசியக் குறியான ஏபிஐ சாவியோ ஒளிந்திருந்தால் நேரும் கேடு பெரிது. அப்படி ஒன்று வெளியாகிவிட்டால் செய்தியை நீக்கினால் மட்டும் போதாது. அதற்குள் யாரும் நகலெடுத்திருக்கலாம் என்பதால், அந்தச் சாவியை உடனே செல்லாததாக்கிப் புதியதைப் பெற வேண்டும்.

விடை சொல்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு: கேட்டதற்கு விடை சொல்லும் முன், எதற்காகக் கேட்கிறார் என்று விசாரிப்பது. கோப்புப் பெயரின் கடைசி மூன்று எழுத்துகளை எடுப்பது எப்படி என்று ஒருவர் கேட்கிறார் என்றால், அவருக்கு வேண்டியது கோப்பின் வகையாக இருக்கும். வகைப் பெயர் எப்போதும் மூன்று எழுத்தில் முடிவதில்லை என்பதால், கேட்டதை மட்டும் கொடுத்தால் அடுத்த வாரம் புதிய பிழையோடு திரும்பி வருவார். அதற்காக, "இதுகூடத் தெரியாதா?" என்ற தொனி எட்டிப் பார்க்கவே கூடாது. அப்படி ஒரு பதிலைப் படித்த புதியவர் மட்டுமல்லாமல், அதை மௌனமாகப் பார்த்துக்கொண்டிருந்த பத்துப் பேரும் அதன்பின் கேட்க மாட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் கண்டிப்பைக் காட்ட வேண்டிய இடம் இது ஒன்றுதான் என்று எண்ணுகிறேன்.

இனி சந்திப்பு. கணினிப் பயனர்கள் கூடத் தொடங்கியதே ஒருவர் வேலை இன்னொருவருக்குப் பயன்பட வேண்டும் என்பதற்காகத்தான். 1955இல் ஐபிஎம் இயந்திரங்களைப் பயன்படுத்தியவர்கள் 'ஷேர்' என்ற குழுவை அமைத்தபோது, ஒவ்வொரு நிறுவனமும் ஒரே வகை நிரலைத் தனித்தனியே எழுதிக்கொண்டிருந்த வீண் உழைப்பைக் குறைப்பது அவர்களுடைய நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. உங்கள் நிலைக்கு இன்னும் நெருக்கமான முன்மாதிரி, 1975 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஒரு வீட்டின் கார் கொட்டகையில் தொடங்கிய ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப். ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் தாம் வடிவமைத்த ஆப்பிள் 1 கணினியைக் கொண்டுவந்து காட்டியது இந்தக் குழுவினரிடம்தான். அதன் கூட்டங்களை நெறிப்படுத்திய லீ ஃபெல்சன்ஸ்டைன், 'மேப்பிங்' என்று ஒரு பகுதி வைத்திருந்தார். அதில் ஒவ்வொருவராகத் தாம் எதில் ஈடுபட்டிருக்கிறார், தமக்கு என்ன வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். அடுத்து வரும் 'ரேண்டம் ஆக்சஸ்' பகுதியில் அவரவர் தமக்கு வேண்டியவரைத் தேடிப்போய்ப் பேசிக்கொள்வார்கள். யாருக்கு யாரிடம் வேலை என்பது முதலிலேயே தெரிந்துவிடுவதால், கூச்சமுள்ளவருக்கும் பேச்சைத் தொடங்க ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 20 நிமிடம் எல்லோரும் ஆளுக்கு ஒரு நிமிடம் பேசட்டும். "நான் இதைச் செய்கிறேன், இதில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்" என்ற இரண்டு வாக்கியங்கள் போதும். பிறகு அந்த மாதம் வந்த கேள்விகளில் விடை காணாதவற்றைத் திரையில் போட்டு எல்லோருமாகப் பார்க்கலாம். ஒன்றரை மணி நேர உரைக்குப் பதிலாக, ஐந்து நிமிடத்தில் முடியும் மின்னல் உரைகள் மூன்று வையுங்கள். தம் கேள்விக்கு விடை பெற்றவரே அதைப் பற்றிப் பேசுவது எல்லாவற்றிலும் சிறந்தது. முழு உரைக்குத் தயங்குபவர்கூட, தாமே பட்டுத் தெரிந்துகொண்டதை ஐந்து நிமிடம் சொல்ல முன்வருவார்.

அனுபவசாலிகளும் புதியவர்களும் கலந்திருப்பது இடையூறு என்று பல ஒருங்கிணைப்பாளர்கள் வருந்துவதுண்டு. அது இடையூறாவது உரை கேட்கும்போதுதான். சேர்ந்து நிரல் எழுதும்போது அதுவே நன்மையாகிவிடும். 2009இல் உருவான 'கோட் ரிட்ரீட்' என்ற பயிற்சியில், கணிதவியலாளர் ஜான் கான்வேயின் 'உயிர் விளையாட்டு' என்ற சிறிய கணக்கை இருவர் இருவராக 45 நிமிடம் எழுதி, எழுதியதை அழித்துவிட்டு, இணையை மாற்றிக்கொண்டு மறுபடியும் தொடங்குகிறார்கள். முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி இல்லாததால், அனுபவசாலி நிதானமாக விளக்குகிறார், புதியவரும் அச்சமின்றிக் கேட்கிறார். முழுநாள் ஒதுக்க இயலாவிட்டால் இரண்டு சுற்றுகள் மட்டும் நடத்திப் பாருங்கள்.

கண்ட விடைகளை அன்றன்றே ஒரு பொதுக் கோப்பில் எழுதிவையுங்கள்: கேள்வி, காரணம், தீர்வு, பயன்படுத்திய பதிப்பு எண், தேதி. பதிப்பு எண் இல்லாத விடை இரண்டு ஆண்டுகள் கழித்துப் படிப்பவரைத் தவறான வழியில் இழுத்துச் செல்லும். இந்த வேலை மாதந்தோறும் ஒருவர் மாற்றி ஒருவரிடம் போக வேண்டும். ஒரே ஆளிடம் விட்டால் அவர் களைத்துப்போகும் நாளில் பதிவும் நின்றுவிடும். சந்திப்பின் நாளையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். மூன்று பேர் வந்தாலும் நடத்துங்கள். மூன்று பேர் ஒரு திரையின் முன் அமர்ந்து ஒரு பிழையைப் பிடிப்பது நல்ல சந்திப்புதான்.

செய்தியை நீக்கிய அந்த உறுப்பினருக்கு நீங்களே தனியாக எழுதுங்கள். மேலே சொன்ன 'கொடி' ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. அவருடைய நிரலில் காரணம் வேறாகவும் இருக்கலாம். தேடிக் கிடைக்காத பெயர்கள் ஐந்தையும் கிடைத்த பெயர்கள் ஐந்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அடுத்த சந்திப்பில் முதலில் திரையேற வேண்டியது அவருடைய கேள்வி.