ஆடிப் பட்டத்துக்கு முன்னால்: தோட்டக் கேள்வி-பதில்

ஆனி பிறந்ததுமே கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதியில் ஊர்ப்பெயர் இல்லை. ஊட்டிக்கும் ராமநாதபுரத்துக்கும் ஒரே பதிலை எப்படிச் சொல்வது? அடுத்த முறையாவது எழுதுங்கள்.

போன பட்டத்தில் தக்காளி வைத்த பைகளின் மண்ணை மறுபடி பயன்படுத்தலாமா? (மதுரை)

பையைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வேரே ஆங்காங்கே வீங்கி முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, அதாவது வேருக்குள் புகுந்து கெடுக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்புழு. அவரை, தட்டைப்பயறு வேரில் இருக்கும் முண்டுகளோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவை நகத்தால் கீறினால் உதிரும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும், நல்லவை. நூற்புழு முடிச்சு உதிராது. அந்த மண்ணை நனைத்து மாடியில் பரப்பி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளால் ஒரு மாதம் மூடி வெயிலில் வையுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம். பிறகு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு போட்டுச் செண்டுமல்லி வையுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் இந்த முறை அதில் கூடாது.

மல்லிகையை இப்போது கவாத்து செய்யலாமா?

கூடாது. நவம்பர் கடைசியில், முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். முருங்கை என்றால் காய்ப்பு ஓய்ந்ததும் மூன்றடியில் வெட்டலாம்.

ஐயா, செடி வாடுகிறது. என்ன செய்வது?

எந்தச் செடி? தொட்டியா, தரையா? தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை? இவை தெரியாமல் நான் ஜோசியம்தான் சொல்ல வேண்டும்.

மாவும் வேம்பும் சருகாகக் கொட்டுகின்றன. கொளுத்திச் சாம்பலைச் செடிகளுக்குப் போடலாமா? (சேலம்)

ஆண்டுதோறும் இதே கேள்வி, ஆண்டுதோறும் எனக்கு இதே கோபம். சருகைக் கொளுத்தினால் தழைச்சத்தும் கரிமமும் புகையாகப் போய்விடும். மிஞ்சுவது கொஞ்சம் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும். நம் ஊர்களில் பல இடங்களில் மண்ணும் ஆழ்துளைக் கிணற்று நீரும் ஏற்கனவே காரத்தன்மை உள்ளவை. அதன் தலையில் இன்னும் சாம்பலைக் கொட்டி, "இலை ஏன் மஞ்சளாகிறது?" என்று அடுத்த மாதம் எனக்கே எழுதுவீர்கள். பக்கத்து வீட்டுக்காரரின் இருமல் தனிக் கணக்கு. சருகை எரித்துவிட்டு, மூட்டை எருவைக் காசு கொடுத்து வாங்கிவரும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது எளிது. கம்பி வலையை மூன்றடி அகல வளையமாக வளைத்து நிறுத்துங்கள். ஒரு முழம் சருகு, மேலே நான்கு விரல் உயரத்துக்குக் காய்கறிக் கழிவு அல்லது பச்சைத் தழை, மேலே கொஞ்சம் சாணக் கரைசல். இப்படியே அடுக்கிக்கொண்டு போங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கிளறுங்கள். மா இலை தடிப்பு என்பதால் நொறுக்கிப் போடுங்கள். மக்க நான்கைந்து மாதமாகும். ஆகவே அது தைப் பட்டத்துக்கு. இந்த ஆடிக்குச் சருகை அப்படியே மூடாக்காக மூன்று விரல் தடிமனுக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டிப் போடாமல் நான்கு விரல் தள்ளிப் போடுங்கள், இல்லையேல் தண்டு அழுகும்.

பால்காரரிடம் வாங்கிய புதுச் சாணத்தைப் பாத்தியில் கலந்துவிட்டேன். சரிதானே?

சரியில்லை. மக்காத எருவைப் போடாதீர்கள் என்று எழுதி எழுதி அலுத்துவிட்டது. சூடு வேரைப் பொசுக்கும், வேர்ப்புழு குடியேறும். விதைப்பைத் தள்ளிவையுங்கள். பாத்தியை நனைத்துக் கொத்திவிட்டு, ஒரு மாதமாவது சும்மா விடுங்கள்.

கோரையை ஒழிக்க வழி?

மேலே செதுக்கினால் ஒன்று ஐந்தாகும். மழை பெய்து மண் இளகியதும் ஓரடி ஆழம் கொத்திக் கிழங்கோடு எடுங்கள். அதை எருக்குழியில் போடாமல் வெயிலில் கருகக் காயவையுங்கள். ஒரே பட்டத்தில் முடியாது.

புடலை, பீர்க்குக்குப் பந்தல் எப்போது போடுவது? (கோவை)

விதைக்கும் முன்பே. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது மாடித் தோட்டக்காரருக்காகவே சொன்னதுபோல் இருக்கிறது. கொடி ஏறிய பிறகு கம்பு நட்டால் வேர் அறுபடும்.

பழைய விதைகள் முளைக்குமா?

வெங்காய விதை ஓராண்டு தாண்டினால் நம்பாதீர்கள். தக்காளி, கத்தரி மூன்று ஆண்டு வரை தாங்கும். சந்தேகமிருந்தால் பத்து விதையை ஈரத் துணியில் சுற்றிவையுங்கள். பத்து நாளில் ஏழு முளைத்தால் விதைக்கலாம், நான்குதான் என்றால் இரட்டிப்பாகத் தூவுங்கள். அதற்கும் கீழே என்றால் புது விதை வாங்குங்கள்.