பெங்களூர் வேலைக்கு குடும்பத்தோட போகலாமா?

கேள்வி: வயசு 35. மதுரையில ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், நாலரை வருஷம் ஆச்சு, கைக்கு 32,000 வருது. சொந்த வீடு. அம்மாவுக்கு சுகர். பொண்ணு கவர்மெண்ட் ஸ்கூல்ல அஞ்சாவது முடிக்கப் போறா. மனைவி வீட்டுலயே பிளவுஸ் தைக்கிறா. பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில வருஷத்துக்கு 9 லட்சம்னு ஆஃபர் வந்திருக்கு. எல்லாரையும் கூட்டிட்டுப் போயிடலாமா? ராத்திரி தூக்கமே இல்ல.
– வாசகர், மதுரை

பதில்: தம்பி, இந்த பெங்களூர் ஆஃபர விடாதீங்க, போங்க. ஆனா வீட்ட இப்பவே காலி பண்ணாதீங்க.

9 லட்சம்னதும் மாசம் 75,000ன்னு மனசு கணக்கு போட்டுடும். நீங்க அக்கவுண்ட்ஸ் ஆளு, உங்களுக்குத் தெரியாததில்ல, ஆனா சொந்தக் கணக்குன்னு வந்தா எல்லாருக்கும் கண்ணு கொஞ்சம் மறைச்சிடும். ஆஃபர் லெட்டர்ல வேரியபிள்னு, அதாவது மாசாமாசம் நிச்சயமா வராத பங்குன்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க, அவங்க போடுற பிஎஃப், கிராஜுவிட்டி (வேலைய விடறப்ப கம்பெனி கொடுக்கிற பணிக்கொடை) எல்லாம்கூட பெரும்பாலும் அந்த 9 லட்சத்துக்குள்ளதான் இருக்கும். வேரியபிள் பத்து பெர்சன்ட்னு வச்சு, உங்க பங்கு பிஎஃப்பும் போக கைக்கு 57, 58 ஆயிரம் வரும். அதுல வாடகை ஒரு 20,000, மெயின்டனன்ஸ் தனி, பிரைவேட் ஸ்கூல் ஃபீஸ், உள்ள நுழையறப்பவே அஞ்சாறு மாச வாடகை அட்வான்ஸ்னு போனா, சொந்த வீட்டுல இருந்துக்கிட்டு 32,000த்துல நீங்க மிச்சம் பிடிக்கிறதுகூட அங்க நிக்காது.

அடுத்து பொண்ணு. ஜூன்ல ஆறாவது போறா. ஆறுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில படிச்சாதான் மெடிக்கல் சீட்ல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, காலேஜ் போறப்ப புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா (இதுக்கு மட்டும் அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் மீடியம் படிச்சாலும் சரி). நடுவுல வெளி மாநிலத்துல ஒரு வருஷம் படிச்சாலும் ரெண்டும் கைவிட்டுப் போயிடும். அம்மாவுக்கு மக்களைத் தேடி மருத்துவத்துல சுகர் மாத்திரை வீட்டுக்கே வருதுன்னா அதுவும் ஓசூர் தாண்டினா கிடையாது.

ஓசூர்னு சொன்னதும்தான் சொல்றேன், உங்களுக்கு வழியே அங்கதான் இருக்கு. ஓசூர் கிருஷ்ணகிரி மாவட்டம், தமிழ்நாடு, அங்கேர்ந்து எலக்ட்ரானிக் சிட்டி சுமார் 25 கிலோமீட்டர். தினம் எத்தனையோ பேர் போய்ட்டு வர்றாங்க. காலைல அத்திப்பள்ளி, சந்தாபுரா டிராஃபிக் சோதிக்கும், அத மறைக்கல, ஆனா 2025 ஆகஸ்ட்லேர்ந்து பெங்களூர்லேர்ந்து எலக்ட்ரானிக் சிட்டி வழியா பொம்மசந்திரா வரைக்கும் மெட்ரோ ஓடுது. ரேஷன் கார்டு, தமிழ் மீடியம் ஸ்கூல், அம்மாவோட மாத்திரை எல்லாமே அட்ரஸ் மாத்தினா போதும். அதுவும் உடனே வேணாம், மொத வருஷம் நீங்க மட்டும் பிஜில இருங்க, மதுரைக்கு வந்தே பாரத்தும் இருக்கு நைட் ட்ரெயினும் இருக்கு, வேலை நிலைச்சு மேனேஜர் எப்படின்னு தெரிஞ்சதும் அடுத்த மே மாசம் ஓசூர்ல வீடு பாருங்க.

இன்னொரு விஷயம். கிராஜுவிட்டிக்கு அஞ்சு வருஷம்னுதான் சட்டம், ஆனா நாலு வருஷம் முடிஞ்சு அஞ்சாவது வருஷத்துல 240 நாள் ஆயிட்டாலே கொடுக்கணும்னு சென்னை ஹைகோர்ட் தீர்ப்பு இருக்கு. நாலரை வருஷத்தோட ரெண்டு மாசம் நோட்டீஸ் சேர்த்தா நீங்க அந்தக் கோட்டு மேலயே நிக்கிறீங்க. பேசிக் 16,000னா 46,000 சொச்சம் வரும். சேர்ற தேதிய ரெண்டு மூணு வாரம் தள்ளிக் கேளுங்க, ரிசைன் பண்றதுக்கு முன்னாடியே உங்க ஹெச்ஆர்கிட்ட நாள் கணக்க எழுத்துல வாங்கிடுங்க. பிஎஃப்ப எடுத்துடாதீங்க, அதே யுஏஎன்ல, அதாவது கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் நம்பர்ல, மாத்திக்கோங்க.

இப்ப எனக்கு மனசு உறுத்துறது. உங்க லெட்டர்ல மனைவியப் பத்தி இருக்கிறது நாலே வார்த்தை. எவ்வளவு சம்பாதிக்கிறாங்கன்னுகூட எழுதல. எங்கம்மா திருச்சியில வடகம் போட்டு தெருவுக்கே வித்துக்கிட்டிருந்தாங்க, அப்பா வேலைக்காக சென்னைக்கு வந்தோம், அங்க மொட்டமாடிக்கு ஹவுஸ் ஓனர் பூட்டு போட்டிருந்தார். வடகம் பிழியற உழக்கு பேப்பர் சுத்தினபடியே பரண்ல கெடந்துச்சு, கடைசி வரைக்கும் பிரிக்கல. அப்பா சம்பளம் கூடிச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க, அம்மா கையில இருந்த காசு நின்னுபோனத ஒருத்தரும் கேக்கல, நான் உட்பட. தையல் மிஷின லாரியில ஏத்திடலாம் தம்பி, அளவு பிளவுஸோட வாசல்ல வந்து நிக்கிற அந்தத் தெருப் பொம்பளைங்கள ஏத்த முடியாது. ஓசூர்ல புதுசா ஆள் பிடிக்க ஒரு வருஷமாவது ஆகும், அவங்களுக்கு அதுக்கு இஷ்டமான்னு தெரியணும்.

இந்த ஞாயித்துக்கிழமை அவங்க அளவு நோட்ட கொண்டுவரச் சொல்லி, போன தீபாவளிலேர்ந்து எவ்வளவு வந்திருக்குன்னு ரெண்டு பேரும் சேர்ந்து கூட்டிப் பாருங்க. அத உங்க கணக்குல கழிச்சிட்டு, அப்புறம் ஹெச்ஆருக்கு போன் பண்ணுங்க.