நடுச்சாமத்து மெயில்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, ஒரு திறந்த மூல மென்பொருள் (கோட்டை ஆரும் பார்த்துத் திருத்தலாம்) திட்டத்தின் மெயிலிங் லிஸ்டில், அதாவது ஒரு முகவரிக்கு எழுதினால் எல்லாருக்கும் போகிற கூட்டு மெயிலில், சேர்ந்திருக்கிறன். கோட் வைச்சிருக்கிற கிட்ஹப் தளத்திலும் அதை வாட்ச் பண்ணியிருக்கிறன். காலமை எழும்பினால் மெயில் குவிஞ்சு கிடக்கும். பில்ட் (கோட்டை ஓடக்கூடிய மென்பொருளாகக் கட்டுறது) விழுந்திட்டுது, பில்ட் சரிவந்திட்டுது, இன்ன கோட் நூலகத்துக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கு எண்டு முக்கால்வாசியும் பொட் எண்ட தானியங்கி நிரல் அனுப்பினது. நடுச்சாமத்தில் போன் விடாமல் அடிக்க, அம்மம்மா “ஆரடா இந்த நேரத்தில?” எண்டு எழும்பி வந்திட்டா. நான் அனுப்பின திருத்தத்தைப் பற்றிப் பராமரிப்பாளர் கேட்ட கேள்வி இந்தக் குவியலுக்குள் அமுங்கிப்போச்சு. பதில் வரேல்லை எண்டு அவர் அதை மூடிப்போட்டார். லிஸ்டை விட்டு விலகட்டோ?
– பல்கலைக்கழக மாணவன், திருநெல்வேலி

பதில்: விலகாதேங்கோ தம்பி. முதலில் அந்த மூடின திருத்தத்தைக் கவனியுங்கோ. மூடினால் அழிச்சதாகாது. அதே பக்கத்தில் அவர் கேட்டதற்கு நேராகப் பதில் எழுதி, திரும்பத் திறக்க முடியுமா என்று கேளுங்கோ. நீண்ட விளக்கம் தேவையில்லை, அம்மம்மா கதையும் வேண்டாம். அதைச் செய்துபோட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கோ.

சாமத்தில் ஏன் வருகிறது என்றால், கோடையில் கலிபோர்னியாவில் பின்னேரம் 2 மணியாகும்போது எங்களுக்கு அடுத்த நாள் விடியப்புறம் 2.30. அங்கே ஆட்கள் மும்முரமாக வேலை செய்கிற நேரத்தில்தான் பொட்டுகளுக்கும் வேலை. ஒரு மனிசர் ஒரு வரியைத் திருத்த, அதைச் சுற்றி நாலைந்து இயந்திர மெயில் புறப்படும். திருவிழா ஒலிபெருக்கிச் சத்தத்துக்குள் படலையில் நின்று கூப்பிடுகிறவரின் குரல் உள்ளுக்குக் கேளாது. உங்களுக்கு நடந்தது அதுதான். ஆகவே மெயிலைக் குறைப்பதை இரண்டாவதாக வையுங்கோ. மனிசர் எழுதினதும் இயந்திரம் எழுதினதும் வேறு வேறு இடத்தில் வந்து விழவேணும், அதுதான் முதல் வேலை.

கிட்ஹப்பில் ‘வாட்ச்’ பொத்தானை அமத்திப் பாருங்கோ. ‘ஓல் அக்டிவிட்டி’ என்பதில் நிற்கும். அந்தத் திட்டத்தில் ஆர் தும்மினாலும் உங்களுக்குச் சொல்லு என்று கேட்டிருக்கிறீர்கள், அது சொல்லுகிறது. ‘பார்ட்டிசிப்பேட்டிங் அண்ட் மென்ஷன்ஸ்’ என்பதற்கு மாத்தினால் நீங்கள் பங்கெடுத்த இடமும் உங்கள் பெயரைக் குறித்த இடமும் மட்டும் வரும். புதுப் பதிப்பு வெளிவருவதும் தெரியவேணும் என்றால் ‘கஸ்டம்’ போய் ‘ரிலீஸஸ்’ஐத் தெரிவு செய்யலாம். உங்கள் கணக்கின் அறிவிப்பு அமைப்புகளுக்குள் ‘அக்ஷன்ஸ்’ (கோட்டைத் தானாகச் சோதிக்கிற வசதி) என்ற இடத்தில், சோதனை தோற்றால் மட்டும் அறிவி என்று ஒரு தெரிவும் இருக்கிறது.

அடுத்ததைக் கனபேர் கவனிப்பதில்லை. கிட்ஹப்பில் இருந்து வந்த ஏதாவதொரு மெயிலைத் திறந்து, அனுப்பினவர் பெயருக்குக் கீழே உள்ள சின்ன அம்புக்குறியைத் தட்டி, சிசி இடத்தைப் பாருங்கோ. ‘நோரிப்ளை டொட் கிட்ஹப் டொட் கொம்’ என்று முடிகிற ஒரு முகவரி இருக்கும். அந்த மெயில் உங்களிடம் ஏன் வந்தது என்பதை அதன் முன்பாதி சொல்லும். உங்கள் பெயரைக் குறித்திருந்தால் ‘மென்ஷன்’, திருத்தம் உங்களுடையது என்றால் ‘ஓதர்’, வேறொருவரின் திருத்தத்தைப் பார்த்துத் தரச்சொல்லிக் கேட்டிருந்தால் ‘ரிவியூ ரிக்வெஸ்டட்’. சும்மா வாட்ச் பண்ணுவதால் வந்தது ‘சப்ஸ்கிரைப்ட்’. சோதனை முடிவு என்றால் ‘சிஐ அக்டிவிட்டி’.

ஜிமெயிலில் கடைசி இரண்டு முகவரிக்கும் ஒரு ஃபில்டர் (மெயிலைத் தானாகப் பிரிக்கிற விதி) போட்டு, இன்பொக்ஸுக்கு வராமல் ஒரு லேபிளுக்குள் போகவிடுங்கோ. போனும் அதற்கு அடிக்காது. மற்ற மூன்றுக்கும் நட்சத்திரம். ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கோ: ஜிமெயிலில் ஒரு ஃபில்டர் வேலை செய்தால் மற்றது நின்றுவிடாது, பொருந்துகிற எல்லாமே வேலை செய்யும். கிட்ஹப்பில் இருந்து வருகிற எல்லாவற்றையும் ஒதுக்கு என்று மொத்தமாக ஒன்று போட்டீர்கள் என்றால், நட்சத்திரம் விழுந்த மெயிலும் இன்பொக்ஸை விட்டுப் போய்விடும். பிறகு இன்னொரு திருத்தம் மூடப்படும். இந்த வேலைக்கு போன் ஆப் உதவாது. மடிகணினியில், பிரவுசரில் செய்யுங்கோ.

லிஸ்டின் மெயிலைப் பிரிக்க ‘லிஸ்ட்-ஐடி’ என்ற தலைப்பு வரியை, அதாவது மெயிலோடு மறைவாக வருகிற விபர வரியை, பிடியுங்கோ. 2001இல் வந்த ஆர்எஃப்சி 2919 என்ற இணைய விதி ஆவணம் அதற்காகவே வகுத்தது. ஜிமெயில் தேடல் பெட்டியில் ‘லிஸ்ட்’, முக்காற்புள்ளி, பிறகு லிஸ்டின் முகவரி என்று ஆங்கிலத்தில் அடித்தால் எல்லாம் வந்து நிற்கும். அப்படியே ஃபில்டராக்கலாம். மெயிலின் ‘சப்ஜெக்ட்’ வரியில் சதுர அடைப்புக்குள் வருகிற பெயரை நம்பாதேங்கோ, எல்லா லிஸ்டும் அதைப் போடுவதில்லை.

பல மெயிலை ஒன்றாகக் கட்டி அனுப்புகிற டைஜஸ்ட்டுக்கு மாறச்சொல்லிக் கூட்டாளிமார் சொல்லுவார்கள். வாசிப்பதோடு நிற்கிறவருக்கு அது நல்லது. திருத்தம் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கிற உங்களுக்கு நான் சொல்லமாட்டேன். லிஸ்ட் நடத்துகிற மென்பொருளான மெயில்மானின் இயல்பு அமைப்பில் 30 கிலோபைட் சேர்ந்தவுடனேயே ஒரு டைஜஸ்ட் புறப்படும். பரபரப்பான லிஸ்ட் என்றால் நாளுக்குப் பல வரும். அதற்குள் இருந்து பதில் எழுதினால் சப்ஜெக்ட் ‘டைஜஸ்ட், வொல்யூம் இத்தனை’ என்று போய், உரையாடலின் இழை அறுந்துவிடும்.

நான் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளைத்தான் பாவிக்கிறேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு லிஸ்ட் கோப்புறையைத் திறப்பேன். எனக்குத் தேவையில்லாத இழையில் நின்று ‘கே’ எழுத்தை அமத்தினால் அந்த இழை முழுக்க மறைந்துவிடும், அதற்கு இனி வருகிற பதில்களும் சேர்த்து. கோட் வரியின் தொடக்கத்தில் இடைவெளி அடிப்பதா ‘டப்’ விசையை அமத்துவதா என்று ஆட்கள் சண்டை பிடிக்கிற இழைகளுக்கு இதைப்போல மருந்து வேறில்லை.

கேள்வி: லிஸ்டில் இருந்து விலக்கச் சொல்லி லிஸ்டுக்கே எழுதினேன். விலக்கவும் இல்லை, இரண்டு பேர் ஏசியும் போட்டார்கள்.
– வாசகி, மானிப்பாய்

பதில்: லிஸ்டுக்கு எழுதினால் எல்லாருக்கும் போகும் தங்கச்சி, விலக்குகிற மென்பொருளுக்குப் போகாது. மெயிலின் தலைப்பு வரிகளில் ‘லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்’ என்று ஒன்று இருக்கும். அதில் உள்ள இணைப்பைத் திறவுங்கோ, அல்லது அந்த முகவரிக்கு எழுதுங்கோ. ஏசினவர்களுக்குப் பதில் எழுதத் தேவையில்லை.

கேள்வி: நாலு பேர் சேர்ந்து எழுத்துரு மாற்றி ஒன்றைத் திறந்த மூலமாக நடத்துகிறோம். லிஸ்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்று போகிறார்கள். பொட் மெயில்தான் காரணமாம். பொட்டை நிறுத்திவிடுவதா?
– கோப்பாய் வாசகர்

பதில்: பொட் பாவம், பிழை நீங்கள் கொடுத்த முகவரியில். அப்பாச்சே அறக்கட்டளையின் திறந்த மூலத் திட்டங்களைப் பாருங்கோ. ஆட்கள் கதைக்க ‘டெவ்’ என்று ஒரு லிஸ்ட், கோட் மாற்றங்களுக்கு ‘கொமிட்ஸ்’ என்று இன்னொன்று. எந்த அறிவிப்பு எந்த லிஸ்டுக்குப் போகவேணும் என்பதைத் திட்டக்காரர் தங்கள் கோட் களஞ்சியத்தில் ஒரு சின்ன யாமல் கோப்பில் (அமைப்புகளை எழுதுகிற உரைக் கோப்பு) எழுதி வைக்கலாம். உங்களுக்கு இரண்டு லிஸ்ட் போதும். இயந்திர லிஸ்டின் ‘ரிப்ளை-டு’வை (பதில் போகிற முகவரியை) மட்டும் மனிசர் லிஸ்டுக்குத் திருப்பிவிடுங்கோ. அப்போது ஒரு கோட் மாற்றத்தைப் பார்த்து ஒருவர் கேட்கிற கேள்வி, பதில் சொல்ல ஆள் இருக்கிற இடத்துக்குப் போகும்.

சோதனை முடிவை நிலைமை மாறும்போது மட்டும் அனுப்பச் செய்யுங்கோ: சரியாக இருந்தது விழுந்தால் ஒன்று, எழும்பினால் ஒன்று. ‘இன்னும் விழுந்தே கிடக்கிறது’ என்று ஒவ்வொரு முறையும் சொல்லத் தேவையில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கேர்னலில் ‘கேர்னல் டெஸ்ட் ரொபோட்’ என்று ஒன்று ஓடுகிறது. அது பிழையைக் கண்டால், அந்த மாற்றத்தை எழுதினவரின் பெயருக்கே மெயில் போடும். எந்த அமைப்பில், எப்படிக் கட்டும்போது விழுந்தது என்றும் சேர்த்து எழுதும். பொட் என்றால் அப்படி இருக்கவேணும். திருத்தக்கூடியவருக்குப் போகிற மெயிலை ஒருவரும் தொல்லை என்று சொல்லமாட்டார்.

நூலகங்களின் புதுப் பதிப்பைப் பார்த்துச் சொல்லுகிற டிபென்டபொட் வைத்திருந்தால் அட்டவணையை மாதத்துக்கு ஒருமுறை என்று போட்டு, புதுப்பிப்புகளைக் குழுவாகச் சேருங்கோ. பாதுகாப்புத் திருத்தங்கள் அந்த அட்டவணைக்குக் காத்திராமல் வரும், பயப்படவேண்டாம். நீங்களே எழுதின ஸ்கிரிப்ட் மெயில் அனுப்புகிறதென்றால் ‘ஓட்டோ-சப்மிட்டட்’ என்ற தலைப்பு வரியையும் சேர்த்துவிடுங்கோ. 2004ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 3834 சொன்னது. பொங்கல் லீவில் நிற்கிறேன் என்று தானாகப் பதில் எழுதுகிற மென்பொருள், ஒழுங்கானதாக இருந்தால், அந்த வரியைக் கண்டு பேசாமல் இருந்துவிடும். இல்லாவிட்டால் இரண்டு இயந்திரங்களும் விடிய விடியக் கதைத்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: எனக்கு எதிர்மாறு. திடீரென்று லிஸ்டில் இருந்து ஒன்றுமே வருவதில்லை. என்னை வெட்டிவிட்டார்களா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: ஒருவரும் வெட்டியிருக்கமாட்டார்கள். கூகுள் இலவசமாகத் தருகிற 15 ஜிபிக்குள்தான் மெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றும் அடங்கும். கலியாண வீட்டு வீடியோ எல்லாம் ஏறி இடம் நிரம்பியிருந்தால் லிஸ்ட் மெயில் திரும்பிப் போயிருக்கும். மெயில்மான் அப்படித் திரும்புகிறவற்றுக்குப் புள்ளி போடும். இயல்பு அமைப்பில் 5 புள்ளி சேர்ந்தால் உங்களுக்கு அனுப்புவதை நிறுத்தி, இடைக்கிடை எச்சரிக்கை அனுப்பி, அதற்கும் அசையாவிட்டால் பெயரை எடுத்துவிடும். இடத்தைத் துப்பரவாக்கிப்போட்டு லிஸ்டின் உறுப்பினர் பக்கத்துக்குப் போய், ‘மெயில் டெலிவரி’ என்பதைத் திரும்ப ‘இனேபிள்ட்’ ஆக்குங்கோ. உங்கள் பெயரே அங்கே இல்லை என்றால் புதிதாகச் சேருங்கோ. இடையில் தவறின மெயில்கள் லிஸ்டின் ஆவணக் காப்பகத்தில் கிடக்கும்.