போக்கு ஏற்கெனவே திறந்துதான் இருக்கு, தம்பி

கேள்வி: ஐயா, எனக்கு 31 வயசு, கல்யாணமாகி ஒரு பொண்ணு இருக்கா, சபையில கீபோர்டு வாசிக்கிறேன். மூணு வருஷமா ஆன்லைன் ரம்மி. நடுவுல ஆப் எல்லாம் மூடினப்போ ரெண்டு மாசம் நிம்மதியா இருந்தேன், அப்புறம் டெலிகிராம்ல ஒரு லிங்க் கிடைச்சு திரும்ப ஆரம்பிச்சிட்டேன். பீரோல இருந்த ஒய்ஃபோட சங்கிலியை அவளுக்குத் தெரியாம அடகு வச்சிருக்கேன். 21 நாள் உபவாசம் இருந்தேன், கன்வென்ஷன்ல தலைமேல கை வச்சு, இது சூதாட்ட ஆவின்னு சொல்லி துரத்தினாங்க, பத்தே நாள்ல விழுந்துட்டேன். தேவன் ஏன் எனக்கு மட்டும் விடுதலை தரமாட்டேங்கிறார்? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, உங்க லெட்டரை நாலு தடவ படிச்சேன். ஜெபம் இருக்கு, உபவாசம் இருக்கு, கண்ணீர் இருக்கு, அதையெல்லாம் நான் ஒருநாளும் குறைச்சு பேசமாட்டேன். ஆனா ஒய்ஃப் கிட்ட சொன்னேன்னு ஒரு வரி இல்ல. மூணு வருஷமா தேவன் கிட்ட சொல்லி அழுறீங்க, பக்கத்துல படுத்திருக்கிறவங்க கிட்ட ஒரு தடவ கூட சொல்லல. அங்கதான் எனக்கு கோவம் வருது, அதனால நேராவே பேசுறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்த ஆவி விஷயம். பிசாசு இல்லன்னு நான் சொல்லவே மாட்டேன், வேதத்தை நம்புறவன் நான். ஆனா யாக்கோபு 1:14 என்ன சொல்லுது, அவனவன் தன் சுய இச்சையினால இழுக்கப்பட்டு சிக்குண்டு போறான்னு சொல்லுது. எல்லாத்தையும் ஆவி தலையில கட்டிட்டா நமக்கு ஒரு வசதி இருக்கு, துரத்துறது பாஸ்டர் வேலை, ஓடுறது ஆவியோட வேலை, நமக்கு ஒரு வேலையும் மிச்சமில்ல. இதுல நம்ம தமிழ் பைபிள் படிக்கிறவங்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு, விசுவாசத்துக்கு வர்ற பரீட்சைக்கும் சோதனைன்னுதான் போட்டிருக்கும், பாவத்துக்கு இழுக்கிறதுக்கும் சோதனைன்னுதான் போட்டிருக்கும், அதே யாக்கோபு முதல் அதிகாரத்துல 2-ம் வசனம் சோதனை வந்தா சந்தோஷப்படுங்கன்னு சொல்லும், 13-ம் வசனம் தேவன் என்னை சோதிக்கிறார்னு எவனும் சொல்லக்கூடாதுன்னு சொல்லும். ரெண்டையும் ஒண்ணாக்கிட்டு, 'கர்த்தர் என்னை சோதிக்கிறார்'னு கையை கட்டி உக்காந்திருக்கிற எத்தனையோ பேரை பாத்துட்டேன். ரம்மி கர்த்தர் உங்களுக்கு வச்ச பரீட்சை இல்ல தம்பி.

அடுத்தது 1 கொரிந்தியர் 10:13. உங்க திராணிக்கு மேல சோதிக்கப்பட விடமாட்டார்ங்கிற பாதி எல்லாருக்கும் மனப்பாடம், காலண்டர்ல கூட அதுதான் வரும். மீதி பாதியில தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார்னு இருக்கு. ஆசையையே எடுத்துடுவார்னு அங்க இல்ல, போக்குன்னு இருக்கு, வெளியே போற வழி. வழின்னா நாமதான் நடக்கணும். உங்களுக்கு அந்த வழி எப்படியெல்லாம் திறந்துச்சுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. 2025 பிப்ரவரியில தமிழ்நாட்டுல விதி கொண்டு வந்தாங்க, ராத்திரி 12 மணியிலிருந்து காலையில 5 வரைக்கும் காசு வச்சு ஆடவே கூடாதுன்னு, ஜூன்ல ஹைகோர்ட்டும் அது செல்லும்னு சொல்லிடுச்சு. ஆகஸ்ட்ல மத்திய அரசே காசு கட்டி ஆடுற ஆன்லைன் கேமையெல்லாம் தடை பண்ணி சட்டம் போட்டுச்சு, பெரிய ஆப் எல்லாம் ஒரே வாரத்துல காசு ஆட்டத்தை நிறுத்துச்சு. நீங்க கேட்ட விடுதலை வீடு தேடி வந்துச்சே, உங்க வாயாலேயே நிம்மதியா இருந்தேன்னு எழுதியிருக்கீங்களே! அதுக்கப்புறம் டெலிகிராம்ல லிங்க் கிடைச்சுச்சுன்னு எழுதறீங்க. கிடைக்கல தம்பி, நீங்க தேடுனீங்க.

எஜமானோட மனைவி படுக்கைக்கு கூப்பிட்டு துணியைப் பிடிச்சப்போ, யோசேப்பு அந்தத் துணியை விட்டுட்டு ஓடினத மட்டும்தான் நாம ஞாயிறு பள்ளியில சொல்லிக்கொடுக்கிறோம். அதுக்கு ரெண்டு வசனம் முன்னாடி போங்க, ஆதியாகமம் 39:10. அவ நித்தம் நித்தம் பேசிட்டே வந்தா, அவன் அவளோட படுக்க மட்டுமில்ல, அவளோட இருக்கவும் சம்மதிக்கலன்னு எழுதியிருக்கு. 'இருக்கவும்'! ஓடினது ஒரு நாள், ஒதுங்கி இருந்தது தினமும். கடைசி நாள்ல கால் ஓடினதுக்கு அந்த தினப்படி பழக்கம்தான் காரணம்னு நான் நம்புறேன். அப்படி ஓடினதுக்கு கிடைச்சது ஜெயில், அதையும் மறந்துடாதீங்க, சரியானத செஞ்சா உடனே எல்லாம் நல்லா முடியும்னு நான் உங்களுக்கு வாக்கு குடுக்கமாட்டேன்.

எங்க சபையில ஒரு பெரியவர் இருந்தார், இருவது வருஷம் குடிச்சவர், விட்டப்புறம் பென்ஷன் ஏடிஎம் கார்டை மக கையில குடுத்துட்டார், தினமும் காலையில டீக்கு இருவது ரூபா வாங்கிட்டு போவார், சட்டைப்பையில அந்த ஒரு நோட்டுதான் இருக்கும். பஸ்ல வந்தா கடைக்கு ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி வாய்க்கால் கரை வழியா சுத்தி நடந்து வருவார், மழையிலயும் அப்படித்தான், வேட்டியெல்லாம் சேறு. ஏன் ஐயா இவ்வளவு பயம், கர்த்தர் விடுதலை குடுத்துட்டாரேன்னு ஒருத்தர் கேட்டப்போ, "விடுதலை குடுத்ததனாலதான் இந்தப் பக்கமா நடக்க முடியுது"ன்னார். சாகுற வரைக்கும் அப்படித்தான் நடந்தார், நான் பாத்த பெரிய விசுவாசி அவர்தான்.

நீங்க இன்னொரு 21 நாள் உபவாசம் இருக்க வேண்டாம், இப்போதைக்கு. இன்னைக்கு ராத்திரி பாப்பா தூங்கினதும் ஒய்ஃப் கிட்ட உக்காந்து, தொகையை குறைக்காம சொல்லுங்க, பாதி சொல்லிட்டு பாதி மறைக்கிறது பொய்யை விட மோசம். யூபிஐயும் பேங்க் கார்டும் அவங்க கைக்கு போகட்டும், போன் ஒன்பது மணிக்கு மேல கிச்சன் அலமாரியில சார்ஜ் ஆகட்டும், பெட்ரூமுக்கு வரக்கூடாது. பாஸ்டர் கிட்ட சொல்லி கொஞ்ச நாள் கீபோர்டை விட்டு இறங்குங்க, வெக்கமாத்தான் இருக்கும், இருக்கட்டும். 14416-க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ், அரசாங்க ஹெல்ப்லைன், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம், கவுன்சிலிங் போறது விசுவாசக் குறைவுன்னு யாராவது சொன்னா என் பேரை சொல்லுங்க.

ஒய்ஃப் அழுவாங்க, திட்டுவாங்க, ரெண்டு நாள் பேசாமகூட இருப்பாங்க, அந்த உரிமை அவங்களுக்கு உண்டு, நீங்க எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதீங்க. சங்கிலி அடகு ரசீதை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்களோ எடுத்து முதல்ல அவங்க கையில குடுங்க, பேச்சு அதுலேர்ந்தே ஆரம்பிக்கட்டும். அடுத்த மாசம் எனக்கு எழுதுங்க தம்பி, நடுவுல விழுந்திருந்தாலும் எழுதுங்க.