எல்லோரும் கொண்டாடும் ரஹ்மான் பாட்டு எனக்கு மட்டும் ஏன் பிடிக்கவில்லை?

இதில் கோளாறு ஒன்றும் இல்லை. பதின்ம வயதில் காதில் விழுந்ததுதான் பெரும்பாலும் ‘நல்ல பாட்டு’க்கு அளவுகோலாகிவிடுகிறது. 1980களில் இளையராஜாவின் வயலின் கூட்டத்தையும் தபலாவையும் கேட்டு வளர்ந்த பலருக்கு, 1992இல் வந்த ‘ரோஜா’வின் கீபோர்டு ஒலியும் அதிரும் பேஸும் அந்நியமாகப் பட்டன. வாத்தியம் குரலை அமுக்குகிறது என்று அப்போது டீக்கடைகளில் சண்டையே நடக்கும்.

கேட்கக் கேட்கப் பிடிக்கும் என்பார்கள். ஓரளவு உண்மை, பழக்கம் விருப்பத்தைக் கூட்டும் என்று உளவியலாளர் ராபர்ட் ஜயான்ஸ் 1968இல் சோதித்துக் காட்டினார். ஆனால் முதலிலேயே எரிச்சலூட்டியது கல்யாண மண்டபம், பேருந்து, பக்கத்து வீடு என்று துரத்தினால் வெறுப்புதான் ஏறும். அதிலும், என்னைக் கேட்டால், பாதி வெறுப்பு ரஹ்மான் மேல் இல்லை, ‘இதுகூடப் பிடிக்காதா?’ என்று வம்புக்கு வரும் ரசிகர்கள் மேல்தான்.